சர்க்கரை கேட்க வந்தவள்

பேத்தி: ...உங்களுக்குத்தான் இனிப்பே தொடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரே அக்கா. அப்புறம் எதுக்கு ஒரு கப் சர்க்கரை?

கீழ்வீட்டு அக்கா: எனக்குன்னு கேட்டேனா? நாலு பேர் வந்தா காபில போட வேணாமா?

பேத்தி: யாரு அந்த நாலு பேரு?

கீழ்வீட்டு அக்கா: வருவாங்க, வராமலும் போவாங்க... நீ என்ன லிஃப்ட் ரிப்பேர் பண்றவளா, போலீஸா? கப்பைப் பிடி. கதவு திறந்து கிடந்துச்சு, அதான் நேரா சமையலறைக்கே வந்துட்டேன். ம்... அடுப்புல என்ன?

பேத்தி: கீழ இருந்தே மோப்பம் பிடிச்சிருப்பீங்களே.

கீழ்வீட்டு அக்கா: மூக்குன்னு ஒண்ணு இருந்தா மணம் ஏறத்தான் செய்யும். அதுக்குப் பூட்டா போட முடியும்? ...ஏய், அது உங்க பாட்டியோட அண்டா இல்ல?

பேத்தி: அதேதான். பாட்டி போனதுக்கப்புறம் இன்னிக்குத்தான் பரண்ல இருந்து இறக்கினேன்.

கீழ்வீட்டு அக்கா: சனிக்கிழமை குழம்பா?

பேத்தி: சனிக்கிழமை குழம்பு.

கீழ்வீட்டு அக்கா: யாரு, நீயா? வெந்நீர் வெச்சாலே அடிப்பிடிக்க வெக்கிறவ...

பேத்தி: அது ஒரு தடவை.

கீழ்வீட்டு அக்கா: எது, நர்ஸம்மா வாளியோட ஓடி வந்தாளே, அதுவா? அது ரெண்டாவது தடவை.

பேத்தி: சர்க்கரை வேணுமா, வேணாமா?

கீழ்வீட்டு அக்கா: சரி சரி, கோவிச்சுக்காதே. திடீர்னு என்ன இந்த வீரம்?

பேத்தி: மத்தியானம் அத்தை வர்றாங்க. அண்டாவை எடுத்துட்டுப் போக.

கீழ்வீட்டு அக்கா: தெரியும்.

பேத்தி: எப்படித் தெரியும்?

கீழ்வீட்டு அக்கா: உங்க அத்தை போன்ல பேசினா எனக்கு மட்டுமா கேக்கும், தெருமுனை மருந்துக்கடைக்கும்தான் கேக்கும். "எங்கம்மா அண்டா பரண்ல தூசி தின்னுக்கிட்டுக் கிடக்குது, எங்க வீட்டுக்கு வந்தா துடைச்சாவது வெப்பேன்"னு. நீ என்ன சொன்னேங்கறதுதான் கேக்கல. நீ முணுமுணுன்னு பேசுவ.

பேத்தி: சும்மா கிடக்காது, நான் சமைக்கிறேன்னு சொன்னேன்.

கீழ்வீட்டு அக்கா: அதுக்கு சிரிச்சிருப்பாளே. அந்தச் சிரிப்பும் கேட்டுச்சு.

பேத்தி: சிரிச்சுட்டு, "சரி, எட்டு வீட்டுக்கும் அனுப்பு, நான் உக்காந்து பாக்குறேன். ஒரு கிண்ணம் மீந்து திரும்பி வந்தாலும் அண்டா என்னோட வந்துடும்"னாங்க. நானும் சரின்னுட்டேன்.

கீழ்வீட்டு அக்கா: அவசரக்குடுக்கை. உங்க பாட்டி குழம்பு வெச்சு நீ என்னிக்குப் பாத்திருக்க? சனிக்கிழமை ஆனா உனக்கு எவனாவது ஒருத்தன் லிஃப்டுக்குள்ள மாட்டிப்பான், நீ ஸ்பேனரைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவ. ராத்திரி வந்து மூடி போட்டு வெச்ச கிண்ணத்தைத் திறந்து தின்னுட்டுப் படுத்துடுவ.

பேத்தி: அதான் காலையில எல்லா வீட்டுக்கும் போய்க் கேட்டேன். பாட்டி குழம்பு எப்படி இருக்கும், சொல்லுங்கன்னு.

கீழ்வீட்டு அக்கா: என்னைக் கேக்கலையே.

பேத்தி: நீங்க எப்படியும் வருவீங்கன்னு தெரியும்.

கீழ்வீட்டு அக்கா: ...ம். சரி, என்ன சொன்னாங்க?

பேத்தி: அங்கதான் தலை சுத்துது. பஸ் டிரைவர் சொல்றாரு, "காதுல புகை வரும்மா, அப்படி ஒரு காரம்." நர்ஸம்மா சொல்றாங்க, "காரமே இருக்காது, எலுமிச்சம்பழப் புளிப்பு தூக்கலா இருக்கும்." வாட்ச் ரிப்பேர் தாத்தா கண்ணையே மூடிட்டாரு... "வெண்ணெய் மாதிரி, ஒரு காய்கூட வாயில தட்டுப்படாது"ங்கறாரு. டியூஷன் டீச்சர் என்னடான்னா, "உருளைக்கிழங்கு முழுசு முழுசா கிடக்கும், மிளகு நெடி ஏறும்"ங்கறாங்க. ஒரே அண்டா, ஒரே பாட்டி. யார் சொல்றதைப் போடறது?

கீழ்வீட்டு அக்கா: நீ எதைப் போட்ட?

பேத்தி: இன்னும் போடல. மிளகாய்த்தூள் இந்தக் கையில, எலுமிச்சம்பழம் அந்தக் கையில வெச்சுக்கிட்டு நின்னேன், நீங்க வந்துட்டீங்க. எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம் போட்டுடலாம்னு...

கீழ்வீட்டு அக்கா: கையைக் கீழ இறக்கு. இறக்குடி. அண்டாவுல ஒண்ணும் போடாதே.

பேத்தி: பின்ன?

கீழ்வீட்டு அக்கா: கிண்ணத்துல போடணும். அண்டாவுல இருக்கிறது எல்லாருக்கும் பொது. பருப்பு, காய், வதக்கின வெங்காயம், பூண்டு, அவ்வளவுதான். கிண்ணத்துல ஊத்தினதுக்கப்புறம்தான் உங்க பாட்டி வேலையே ஆரம்பிக்கும். டிரைவருக்குச் சிவப்பு மூடி... அதுல தாளிச்ச மிளகாய். நர்ஸம்மாவுக்குப் பச்சை மூடி, அதுல எலுமிச்சம்பழம். வயித்துப்புண்காரி, மிளகாய் ஆகாது. தாத்தாவுக்கு மத்தால ஒரு கடை கடைஞ்சு, நீல மூடி. பல்லு செட்டை அவரு என்னிக்கு வாயில வெச்சிருக்காரு, சட்டைப் பையிலதானே வெச்சிருக்காரு.

பேத்தி: அப்போ... எட்டு கிண்ணத்துக்கு எட்டு ருசியா?

கீழ்வீட்டு அக்கா: எட்டு பேரும் ஒரே குழம்பைத் தின்னதாத்தான் நினைச்சுக்கிட்டு இருக்காங்க. ஒரு தடவை மூடி மாறிப் போச்சு. டிரைவர் கிண்ணம் தாத்தாகிட்ட, தாத்தா கிண்ணம் டிரைவர்கிட்ட. தாத்தா மூணு சொம்பு தண்ணி குடிச்சுட்டு மாடிப்படியிலயே உக்காந்துட்டாரு. டிரைவர் மேல வந்து, "என்னம்மா, எனக்கு உடம்பு சரியில்லன்னு யாராவது சொன்னாங்களா"ன்னு கேக்குறான்.

பேத்தி: பாட்டி என்ன சொல்லுச்சு?

கீழ்வீட்டு அக்கா: "லிஃப்ட் குலுங்குச்சு, கிண்ணம் மாறிடுச்சு"ன்னு பழியைத் தூக்கி லிஃப்ட் மேல போட்டுட்டாங்க.

பேத்தி: ஓ... அந்தப் பழியா. அதுக்குத்தான் அன்னிக்கு என்னை லீவு நாள்ல கேபிளைப் பாரு, பிரேக்கைப் பாருன்னு விரட்டுச்சா?

கீழ்வீட்டு அக்கா: நீயும் நாலு மணி நேரம் நோண்டிட்டு, "நல்லாத்தான் இருக்கு பாட்டி"ன்னு கரிமூஞ்சியோட வந்து நின்னியே.

பேத்தி: போங்க அக்கா. நான் இந்த வேலைக்கு வந்ததே அந்தக் குழம்பாலதான். சின்ன வயசுல, ஸ்டூல் மேல தட்டு, தட்டு மேல எட்டு கிண்ணம், எல்லா பட்டனையும் அமுக்கிட்டு பாட்டி வெளிய வந்துடும். ஆளில்லாத லிஃப்ட் மாடி மாடியா நிக்கும், அவங்கவங்க கதவைத் திறந்து அவங்கவங்க மூடியை எடுத்துப்பாங்க. ஒரு நாள் நடுவுல நின்னுடுச்சு. மெக்கானிக் வந்தாரு. "உள்ள யாரு மாட்டியிருக்காங்க"ன்னு கேட்டாரு. "குழம்பு"ன்னுச்சு பாட்டி.

கீழ்வீட்டு அக்கா: அந்த ஆளு பையைத் தூக்கிட்டுக் கிளம்பினாரே.

பேத்தி: பாட்டி விடலையே. "ஆறுறதுக்குள்ள இறக்கு, உனக்கும் ஒரு கிண்ணம்"னுச்சு. அவர் இறக்கினதை நான் பக்கத்துல நின்னு பாத்தேன். அன்னிக்கு முடிவு பண்ணினேன்.

கீழ்வீட்டு அக்கா: எம்பேத்தி தொட்டா நின்ன லிஃப்ட் நகரும்னு உங்க பாட்டி எங்கிட்ட சொல்லாத வாரம் கிடையாது. கேட்டுக் கேட்டு என் காதே புளிச்சுப் போச்சு.

பேத்தி: ...சரி, இந்தாங்க கரண்டி. ருசி பாருங்க.

கீழ்வீட்டு அக்கா: நானா? எதுக்கு? ஏற்கெனவே இந்த பில்டிங்ல என் பேரு மூடியக்கா. எந்தப் பாத்திரம்னாலும் மூடியைத் திறந்து பாப்பேனாம். முதல் கிண்ணம் எனக்குத்தான் வேணும்னு சனிக்கிழமை ஆனா வந்து நிப்பேனாம். டிரைவர் வெச்ச பேரு. ஊரே கூப்பிடுது.

பேத்தி: நாங்க லிஃப்ட்ல ஆளை ஏத்தறதுக்கு முன்னாடி எடைக்கல்லை ஏத்தி ஓட்டிப் பாப்போம் அக்கா. இன்னிக்கு நீங்கதான் எடைக்கல்.

கீழ்வீட்டு அக்கா: குண்டுங்கறதை இவ்வளவு சுத்தி வளைச்சு யாரும் சொன்னதில்ல. கொடு... ம்.

பேத்தி: என்ன?

கீழ்வீட்டு அக்கா: பேசாதே. ...வெங்காயம் சரியா இருக்கு. பரவால்லயே. பூண்டு கருகல. பருப்பு குழையணும், குழைஞ்சிருக்கு. இதெல்லாம் உனக்கு யாரு... ஆமா, உப்பு எங்கடி?

பேத்தி: அட. மறந்துட்டேன் போல.

கீழ்வீட்டு அக்கா: இவ்வளவும் போட்டவ உப்பையா மறப்ப? நல்ல ஆளு. நகரு, நகரு.

பேத்தி: இருங்க, உப்பு டப்பா எங்க இருக்குன்னு...

கீழ்வீட்டு அக்கா: தெரியும், மேல் தட்டுலதானே. இதோ. ...ஒரு கை. கிண்டு, நல்லா அடியில இருந்து கிண்டு. ...இன்னும் அரைக் கை. காய் இழுத்துக்கும், அதனால ஒரு கொதி விட்டு மறுபடியும் பாக்கணும்.

பேத்தி: அக்கா.

கீழ்வீட்டு அக்கா: என்ன?

பேத்தி: அந்த டப்பா மேல டீத்தூள்னு எழுதியிருக்கு.

கீழ்வீட்டு அக்கா: ...எழுதியிருந்தா என்ன?

பேத்தி: பக்கத்துலயே உப்புன்னு எழுதின டப்பா இருக்கு. அதுல டீத்தூள் இருக்கு. எனக்கே இன்னும் மாறி மாறிப் போகுது. நீங்க எப்படி நேரா இதை எடுத்தீங்க?

கீழ்வீட்டு அக்கா: மூக்குதான். சொன்னேனே.

பேத்தி: உப்புக்கு மணம் உண்டா?

கீழ்வீட்டு அக்கா: வாயைக் கொடுக்காம கரண்டியைக் கொடு. கொதிச்சுடுச்சு பாரு. ...ம். ஒரு சிட்டிகை. ஒண்ணே ஒண்ணு. போதும். அடுப்பை அணை. கிண்ணத்தை எல்லாம் வரிசையா வை, மூடி நிறத்தைச் சொல்லிக்கிட்டே வர்றேன்... இதைக் கடை, அதுல எலுமிச்சம்பழம் பிழி... ம், எட்டும் ஆச்சு. அங்க என்ன சத்தம்? அத்தை வந்தாச்சு போல. செருப்பைக் கழட்டும்போதே யாரையோ திட்டுறா பாரு.

அத்தை: லிஃப்ட் ஏன் இவ்வளவு மெதுவா வருது? வீட்டுலயே மெக்கானிக்கை வெச்சுக்கிட்டு... ஓ. நீங்களும் இங்கதானா?

கீழ்வீட்டு அக்கா: வாம்மா, வா. ஒரு கப் சர்க்கரை கேட்டு வந்தேன்.

அத்தை: தெரியுமே. எங்கம்மா இருந்தப்பவும் சனிக்கிழமை தவறாம சர்க்கரை கேட்டு வருவீங்க. அவங்க போயும் உங்களுக்குச் சர்க்கரை தீரல.

பேத்தி: அத்தை...

கீழ்வீட்டு அக்கா: விடு. உண்மையைத்தானே சொல்றா.

அத்தை: என்னடி, ஆச்சா? எட்டு கிண்ணமும் ரெடியா? இது ஏன் கடைஞ்சு வெச்சிருக்கு? இதுல என்ன எலுமிச்சம்பழம்? எங்கம்மா இப்படியா பண்ணுவாங்க?

பேத்தி: இப்படித்தான் பண்ணியிருக்கு. கீழ போற கிண்ணத்தை நாம பாத்ததில்ல அத்தை, நம்ம கிண்ணத்தை மட்டும்தான் பாத்திருக்கோம். ஸ்டூலை உள்ள வெக்கிறேன். தட்டைப் பிடிங்க.

அத்தை: உனக்கு இன்னும் நேரம் இருக்கு. வேணாம்னு சொல்லிட்டா அண்டாவைத் துணியில சுத்தி எடுத்துட்டுக் கிளம்பிடுவேன், உனக்கும் அவமானம் இல்ல. எங்கம்மா கைப்பக்குவம் எனக்கே வரல. பெத்த பொண்ணு, எனக்கே வரல.

பேத்தி: பட்டனை அமுக்கிட்டேன்.

அத்தை: பிடிவாதம் மட்டும் அப்படியே எங்கம்மா.

கீழ்வீட்டு அக்கா: மூணாவது மாடியில நிக்குது. ...நர்ஸம்மா கதவு. ...டீச்சர் வீட்டு நாய் குலைக்குது, எடுத்துட்டா. ...ரெண்டாவது மாடி. ...தாத்தா செருப்பு சத்தம். தேய்ச்சுத் தேய்ச்சு வர்றாரு... எடுத்துட்டாரு. ...டிரைவர்.

அத்தை: லிஃப்ட் கதவுல ஒத்தைக் காதை வெச்சுக்கிட்டு மொத்த பில்டிங்கையும் கேட்டுடறீங்களே.

கீழ்வீட்டு அக்கா: ரெண்டு காதையும் வெச்சா அடுத்த தெருவும் கேக்கும்.

பேத்தி: உக்காருங்க அத்தை. நம்ம கிண்ணம் இது. மஞ்சள் மூடி, உங்களுக்குப் பிடிச்ச மாதிரி. கெட்டியா.

அத்தை: நான் தீர்ப்பு சொல்ல வந்தவ, தின்ன வரல. ...சரி, ஒரு வாய். ...

பேத்தி: அத்தை?

கீழ்வீட்டு அக்கா: காரமா? தண்ணி கொண்டு வரவா?

அத்தை: தண்ணியெல்லாம் வேணாம். பேசாம இருங்க கொஞ்ச நேரம்.

பேத்தி: ...நல்லா இல்லையா?

அத்தை: இது எங்கம்மாடி. கரண்டியை வாயில வெச்சதும் எங்கம்மா முன்னாடி வந்து நிக்கிறாங்க. "மெதுவா தின்னு, யாரும் பிடுங்கிக்க மாட்டாங்க"ன்னு சொல்ற மாதிரி இருக்கு. ...உப்பு. அந்த உப்பு இருக்கே. எங்கம்மா நாக்கு இந்த ஜென்மத்துல யாருக்கும் கிடையாது. கடைசி சனிக்கிழமை வரைக்கும் ஒரு கல் கூடினதில்ல, ஒரு கல் குறைஞ்சதில்ல. இல்லையா?

கீழ்வீட்டு அக்கா: ஆமா. குறைஞ்சதில்ல.

அத்தை: உங்களுக்குத் தெரியாம இருக்குமா, முதல் கிண்ணமே உங்களுக்குத்தானே. எங்கண்ணன் சொல்லுவாரு, "மூடியக்கா வரலைன்னா அம்மா அடுப்பையே அணைக்காது"ன்னு. அப்படி என்னதான் வசியம் பண்ணினீங்களோ.

கீழ்வீட்டு அக்கா: நமக்கு எல்லாம் இந்த வாய்தான். இதை வெச்சுத்தான் பொழைப்பு ஓடுது.

பேத்தி: எல்லாரும் சாப்பிட்டுட்டுக் கிண்ணத்தை ஏத்தி விட்டுட்டாங்க போல, லிஃப்ட் மேல வருது.

அத்தை: வந்துடுச்சா? கதவைத் திற. ...சிவப்பு, காலி. பச்சை, காலி. நீலம்... இது என்ன, கழுவின மாதிரி இருக்கு?

கீழ்வீட்டு அக்கா: தாத்தா விரலால வழிச்சிருப்பாரு. பல்லுதான் இல்ல, விரல் அஞ்சும் இருக்கே.

அத்தை: வெள்ளை காலி... இது காலி... இதுவும். எட்டும் காலி. ...சரி. நான் கிளம்பறேன்.

பேத்தி: அண்டா?

அத்தை: எந்த அண்டா? அது அடுப்பு மேல இருக்கு, இருக்கட்டும். நல்லா ஆறினதுக்கப்புறம் கழுவு, சூட்டோட தண்ணியை ஊத்தினா வாய் நெளிஞ்சுடும். எங்கம்மா வீட்டுல, எங்கண்ணன் பொண்ணு, எங்கம்மா குழம்பை அப்படியே வெக்கிறான்னு நான் போய் எங்க தெருவுல சொல்ல வேணாமா? நேரமாச்சு. ...மஞ்சள் மூடியில இன்னும் கொஞ்சம் ஊத்திக் கொடு. உங்க மாமாவுக்கு.

பேத்தி: மாமாவுக்கு உப்பு ஆகாதே.

அத்தை: அப்போ எனக்கு. எதுக்கெடுத்தாலும் கேள்வி. ...வரேங்க. சர்க்கரையை வாங்காம போயிடாதீங்க.

கீழ்வீட்டு அக்கா: மறப்பேனா? பாத்துப் போம்மா.

பேத்தி: ...அத்தை போயாச்சு.

கீழ்வீட்டு அக்கா: லிஃப்டைத் திட்டிக்கிட்டே போறா. நல்லவதான், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். யாரைச் சொல்றேன் பாரு, நான்.

பேத்தி: ஏன் ஒண்ணும் சொல்லாம இருந்தீங்க?

கீழ்வீட்டு அக்கா: என்ன சொல்லணும்?

பேத்தி: முதல் கிண்ணம், வசியம், சர்க்கரைன்னு அவங்க பாட்டுக்குப் பேசினாங்களே. மத்தவங்க யாராவது பாதி சொல்லியிருந்தாகூட நாலு மாடியும் கேக்கற மாதிரி திருப்பிக் கொடுத்திருப்பீங்க.

கீழ்வீட்டு அக்கா: சாப்பாட்டுக்கு அலையறவன்னு ஊருக்கே தெரிஞ்ச விஷயம். புதுசா என்ன சண்டை? அதை விடு, டீச்சர் வீட்டுல நேத்து ராத்திரி பெட்டியோட யாரோ வந்தாங்களே, பாத்தியா...

பேத்தி: பேச்சை மாத்தாதீங்க.

கீழ்வீட்டு அக்கா: மாத்தல. நிஜமாவே பெட்டி. பெரிய பெட்டி.

பேத்தி: அக்கா, இந்த பில்டிங்ல யார் வீட்டுல என்ன நடந்தாலும் உங்க வாயில அரை மணி நேரம் தங்காது.

கீழ்வீட்டு அக்கா: அரை மணி நேரமா? அவ்வளவு நேரம் எதுக்கு வெச்சிருக்கணும், கெட்டுப் போயிடாதா?

பேத்தி: எதையுமே நீங்க வெச்சுக்கிட்டதில்லையா?

கீழ்வீட்டு அக்கா: ...இல்ல. சர்க்கரையைக் கொடு, நான் போறேன்.

பேத்தி: உங்க வீட்டு அடுக்குல என்ன இருக்குன்னு போன மாசம் பாத்தேன். குழாய் சரிபண்ண வந்தப்போ. கீழ் தட்டு முழுக்க பாட்டில் பாட்டிலா சர்க்கரை. ஒண்ணைக்கூடத் திறக்கல. எல்லாம் எறும்பு வராம சுத்திக் கட்டி வெச்சிருக்கீங்க.

கீழ்வீட்டு அக்கா: அடுத்தவங்க வீட்டு அடுக்கையா எட்டிப் பாத்த? இதெல்லாம் யார்கிட்ட கத்துக்கிட்ட?

பேத்தி: உங்ககிட்டதான்.

கீழ்வீட்டு அக்கா: ...அவங்க கொடுத்த சர்க்கரைடி. தூக்கிப் போட மனசு வரல. அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல. ஏன் அப்படிப் பாக்கற? உப்பை மறந்தவ நீ, ஞாபகப்படுத்தினவ நான். அதுக்கு நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கப்பைக் கொடு.

பேத்தி: உப்பை நான் மறக்கல அக்கா.

கீழ்வீட்டு அக்கா: பின்ன?

பேத்தி: ஆஸ்பத்திரில கடைசியா பாட்டி என் காதுல சொன்னது அதைத்தான். "எனக்கு ஒரு காய்ச்சல் வந்துச்சே, அதுக்கப்புறம் என் நாக்குல ருசி ஒண்ணுமே தெரியலடி. கீழ்வீட்டுக்காரிதான் சர்க்கரை கேக்கற சாக்குல வந்து எனக்கு நாக்கா இருந்தா. அலையறவன்னு அத்தனை பேர் சிரிச்சும், அந்த வாய் இந்த ஒண்ணை மட்டும் சொல்லல. நீ குழம்பு வெக்கிற அன்னிக்கு எல்லாத்தையும் போடு, உப்பை மட்டும் போடாதே. கதவைத் திறந்து வை. அவ வருவா."